அக்கா கேட்ட கோப்பு

பதிவறைக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

என் மகள் உங்களோடு வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் வீட்டுக்கு வந்து பையைச் சோபாவில் எறிந்தாள். "அப்பா, செம போர்ப்பா. கோப்பு வருது, கோப்பு போகுது. இதுக்கா ஆயுசு முழுக்க ஓடுனீங்க?" என்றாள். அடுத்த வாரம் அவளே உங்கள் வாட்ஸ்அப் குழுவில், "எங்கப்பாகிட்ட நெறைய கதை இருக்கு, எழுதித் தரச் சொல்றேன்" என்று போட்டுவிட்டு, அதற்குப் பிறகு என்னிடம் வந்து சொன்னாள். ஆகவே போரான வேலையைப் பற்றி ஒரு ரிட்டையர்ட் ஆள் எழுதுகிறேன். எஸ்.பி.எம்., அதாவது ஐந்தாம் படிவம் வரைதான் படிப்பு. எழுத்துப் பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள், அவள்தான் தட்டச்சு செய்கிறாள்.

பயிற்சியில் உங்களுக்குத் தகவல் ஆளுகை, அணுகல் உரிமை, தக்கவைப்புக் காலம் என்று பெரிய பெரிய சொற்களைத் திரையில் போட்டுக் காட்டியிருப்பார்கள். எல்லாம் தேவையானதுதான், தூங்காமல் கேளுங்கள். ஆவணங்களுக்கு ஆபத்து எங்கிருந்தெல்லாம் வரும் என்றும் ஒரு படம் காட்டியிருப்பார்கள். தீ, வெள்ளம், கரையான், கணினிக்குள் புகுந்து திருடுகிறவன். நானும் அந்தப் படத்தைப் பல முறை பார்த்துவிட்டேன். அதில் இன்றுவரை ஒருவரைக் காணவில்லை. சொந்தக்காரர். கரையான் வந்தால் மருந்தடிக்கலாம். சொந்தக்காரர் வந்தால் தேத்தண்ணிதான் கொடுக்க முடியும்.

நான் இருந்தது ஈப்போவில் ஒரு தனியார் மருத்துவமனையின் கீழ்த்தளத்துப் பதிவறை. வெயிலும் தெரியாது, மழையும் தெரியாது. மேலே பிரசவம், ஆபரேஷன், அழுகை, சிரிப்பு எல்லாம் நடக்கும். எங்களுக்கு அதெல்லாம் தடித்த கோப்பு, மெலிந்த கோப்பு என்றுதான் வந்து சேரும். முன்பக்கம் ஒரு சின்ன கவுண்டர். இன்ஷூரன்ஸுக்கு நகல் வேண்டும், வேலை இடத்தில் மருத்துவ அறிக்கை கேட்கிறார்கள் என்று நோயாளிகள் அங்கே வருவார்கள். கவுண்டரில் உட்காருகிறவன் செல்வா. அலமாரிகளுக்கு நடுவில் நான். எங்கள் இருவருக்கும் மேலே ஒரு சீனப் பெண், மெங்லெம்பு ஊர்க்காரர், என்னைவிட வயதில் ரொம்பச் சின்னவர். எல்லோரும் அவரை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம்.

புந்தோங், ஜெலாப்பாங் பக்கம் இருக்கிற நம் ஆட்களைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. பாதிப் பேர் ஏதோ ஒரு தோட்டத்திலிருந்து வந்தவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, செம்பனை போய் வீடமைப்புத் திட்டம் வந்துவிட்டது. ஆனால் ஒரு கணக்கு மட்டும் மாறவில்லை. நம் ஆள் ஒருவன் எங்கே வேலை செய்கிறானோ, அந்த இடம் எல்லோருக்கும் சொந்தம். பேங்கில் ஒருவன் இருந்தால் லோனுக்கு அவனைப் பார்ப்பார்கள். மருத்துவமனைப் பதிவறையில் ஒருவன் இருந்தால்? மாப்பிள்ளை விசாரிப்புக்கு அவனைப் பார்ப்பார்கள்.

என் அக்கா வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவள் பெல் அடிக்கமாட்டாள். கேட்டில் நின்று என் பெயரைக் கூப்பிடுவாள், எங்கள் வீட்டு வரிசை முழுக்க எழுந்துவிடும்.

"பசியாறிட்டியாடா?"

"ஆச்சுக்கா. உள்ள வா, உக்காரு."

"உக்கார வரல. யோகி விசயமா வந்தேன்."

யோகி அவளுடைய ஒரே மகள். பிரகாஷ் என்ற பையனை யோகியே தனக்குப் பார்த்து வைத்திருந்தாள். சித்தியவான் குடும்பம், பையன் ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். இரண்டு வீட்டாரும் பேசி, பரிசம் போட நாள் பார்க்கிற கட்டத்தில் இருந்தார்கள்.

"பையன் நல்ல பையன்தான்லா. ஆனா மார்க்கெட்ல ஒரு பொம்பள சொல்றா, உங்க ஆஸ்பத்திரி லாபில அவன் உக்காந்திருந்தானாம். கையில அந்தப் பிளாஸ்டிக் வளையம் மாட்டுவாங்களே, அதோட."

"சரி, அதுக்கு?"

"அதுக்கென்ன அதுக்கு. நீ ஒரு எட்டு அவனோட ஆஸ்பத்திரி பைலப் பாத்துட்டு வந்து சொல்லு."

"முடியாதுக்கா."

"எடுத்துட்டு வரவா சொன்னேன்? பாக்கத்தான சொன்னேன்."

"பாக்கவும் முடியாது. அவன் என்கிட்ட கேக்கல. டாக்டரும் கேக்கல. நான் எதுக்குத் தொறக்கணும்?"

"ஏன், கண்ணு வலிக்குதா?"

என் மனைவி உள்ளே போய்ச் சிரித்துவிட்டு வந்தாள். அக்கா விடவில்லை.

"தோட்டத்துல டிரெஸர் இருந்தாரா இல்லையா? கல்யாணம்னா மொதல்ல யாரப் போயி பாத்தாங்க? அவரத்தான. 'இந்தப் பையன் எப்படிங்கய்யா?'ன்னா டக்குன்னு சொல்லிடுவாரு. நீ அவர விடப் பெரிய ஆளா?"

டிரெஸர் என்றால் தோட்டத்து மருந்தகத்தைப் பார்த்துக்கொண்டவர். டாக்டர் எப்போதோ வருவார், டிரெஸர் எப்போதும் இருப்பார். யாருக்குக் காய்ச்சல், யாருக்கு வலிப்பு, யார் வீட்டில் யார் பேச்சில்லாமல் இருக்கிறார்கள் எல்லாம் அவருக்குத் தெரியும். அவர் சொன்னால் சம்பந்தம் உறுதி, அவர் இழுத்தால் சம்பந்தம் ரத்து.

"நான் பெரிய ஆளெல்லாம் இல்லக்கா. அவராச்சும் ஊசி போடுவாரு, எனக்கு அதுகூடத் தெரியாது."

"பெரிய சிஐடி!" என்று சொல்லிவிட்டு அக்கா போய்விட்டாள். என் மனைவி கொண்டுவந்து வைத்த தே ஓ, பாலில்லாத் தேத்தண்ணி, கோப்பையில் அப்படியே ஆறிக்கொண்டிருந்தது.

எனக்குக் கொஞ்சம் பெருமைதான். சொந்த அக்காவுக்கே முடியாது என்று சொல்லிவிட்டேனே. பிள்ளைகளா, நீங்களும் ஒருநாள் இப்படி முடியாது என்று சொல்லிவிட்டு நெஞ்சை நிமிர்த்துவீர்கள். நிமிர்த்திக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் உங்களைத் தாண்டி இன்னொரு கவுண்டர் இருக்கிறதா என்று மட்டும் திரும்பிப் பாருங்கள். நான் பார்க்கவில்லை.

செல்வாவைப் பற்றிச் சொல்லவேண்டும். தங்கமான பையன். யாராவது முகம் வாடிப்போய்க் கவுண்டரில் நின்றால் அவனுக்குப் பொறுக்காது. அவனிடம் ஒரு வழக்கம் இருந்தது. யாராவது வந்து, "தம்பி, இந்தப் பேர்ல யாராச்சும் இங்க பாத்திருக்காங்களா?" என்று கேட்டால் கணினியில் தட்டுவான். அந்தப் பெயரில் ஆளே இல்லையென்றால், "அப்படி யாரும் இங்க வரலக்கா, நிம்மதியா போங்க" என்று சிரித்தபடி அனுப்பிவைப்பான். கோப்பு இருந்துவிட்டால் வாயை இறுக மூடிக்கொள்வான். "அதெல்லாம் சொல்லக்கூடாதுக்கா." அதில் என்ன தப்பு என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றியதில்லை. இல்லாத கோப்புக்கு ஏது ரகசியம்?

அந்தத் திங்கட்கிழமை மேல்மாடியில் ஒரு கூட்டம். காகிதக் கோப்புகளையெல்லாம் ஸ்கேன் செய்வது பற்றி ஒரு கம்பெனிக்காரர் பேசினார், நான் புரிந்தது போலத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். கீழே இறங்கி வந்தபோது செல்வா முகமெல்லாம் பல்லாக நின்றான். கையில் எண்ணெய் ஊறிய ஒரு பலகாரப் பொட்டலம்.

"அண்ணே, உங்கக்கா வந்துட்டுப் போனாங்க. கறிபாப் குடுத்தாங்க. சார்டீன் மீன் போட்டது."

"என்ன கேட்டா?"

"அந்த சித்தியவான் பையனப் பத்தித்தான். கவலப்படாதீங்கண்ணே, நான் வாயே தொறக்கல."

"கறிபாப்புக்குத் தொறந்திருக்கு."

"அது வேறண்ணே! பைலப் பத்தி ஒரு வார்த்த சொல்லல. பேரத் தட்டினேன், இருந்துச்சு, உடனே 'சொல்லக்கூடாதுக்கா'ன்னுட்டேன். ரூல்ஸ் ரூல்ஸ்தான்னு சொன்னேன்."

நான் நாற்காலியை இழுத்து அவன் எதிரில் உட்கார்ந்தேன்.

"செல்வா, போன வாரம் ஒரு அம்மா வந்தாங்களே, மருமகனப் பத்திக் கேட்டுக்கிட்டு. அவங்ககிட்ட என்ன சொன்ன?"

"அப்படி ஆளு இங்க இல்லன்னு சொன்னேன். சந்தோசமா போனாங்க."

"அந்தம்மா எந்தப் பக்கம்?"

"உங்கக்கா இருக்கிற அடுக்குமாடி பிளாட்டுதாண்ணே."

"எங்கக்காகிட்ட என்ன சொன்ன?"

"சொல்லக்கூடாதுன்னு..."

அவன் கையில் கடித்த கறிபாப் பாதியில் நின்றது. "ஐயோ அண்ணே" என்றான், மெதுவாக.

அதுதான் விஷயம். செல்வா ஒரு சொல்கூடச் சொல்லவில்லை, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். ஊரெல்லாம் 'இல்லை' என்ற பதிலை வாங்கிக்கொண்டு போயிருக்கும்போது, 'சொல்லக்கூடாது' என்றால் 'இருக்கிறது' என்று மைக்கில் அறிவித்த மாதிரி. அத்தனை நாளும் அவன் அன்பாகக் கொடுத்த 'இல்லை'கள் எல்லாம் சேர்ந்துதான் அன்று பிரகாஷைக் காட்டிக்கொடுத்தன. திருடன் வந்து பூட்டை உடைக்கவில்லை. நல்ல மனசுக்காரன் ஒருவன் ரூல்ஸ்படி நடந்துகொண்டு அதைத் திறந்துவிட்டான்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்து சட்டையைக் கூடக் கழற்றவில்லை, அக்காவின் போன்.

"வேணாம்டா. இந்த எடம் வேணாம். வெள்ளிக்கிழம சித்தியவானுக்குப் போன் போட்டுச் சொல்லிடப்போறேன்."

"எதுக்குக்கா?"

"எதுக்கா? அங்க பைலு இருக்கு. என்னான்னு சொல்ல மாட்டேங்கிறீங்க. சின்ன விசயம்னா சொல்லியிருப்பீங்கல்ல? ஒருத்தி கிட்னிங்கிறா, ஒருத்தி வலிப்புங்கிறா. யோகி ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு அழுவுறா."

"அக்கா, யாருக்கா இருந்தாலும் நான் சொல்ல மாட்டேன். சின்னதோ பெருசோ."

அவள் குரல் இறங்கிவிட்டது.

"ஒன் மச்சானுக்கு நெஞ்சுல கோளாறு. கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துருக்கு. அப்பா டிரெஸர்கிட்ட போயி கேட்டாரு. ஒண்ணுமில்லன்னுட்டாரு அந்த மனுசன். யோகிக்குப் பல்லு மொளைக்கறப்ப நான் தாலியறுத்துட்டு நின்னேன். எனக்குப் பயமா இருக்காதாடா?"

மச்சான் இறந்துபோனது எனக்குத் தெரியும், டிரெஸர் கதை தெரியாது. அக்காவின் வாயை நான் அத்தனை வருஷமும் கேலி செய்திருக்கிறேன். அந்த வாய்க்குப் பின்னால் இது இருந்திருக்கிறது.

போனை வைத்ததும் என் மனைவி ஒரு யோசனை சொன்னாள். நல்ல யோசனை மாதிரித்தான் இருந்தது. "நீங்க மட்டும் பாருங்களேன். கால் சுளுக்கு, வயித்துக்கோளாறு மாதிரி சின்னதா இருந்தா, ஒண்ணுமில்லக்கான்னு ஒரு வார்த்த சொல்லிடுங்க. ஒரு கல்யாணம் பொழைக்கும். பெருசா இருந்தா பேசாம இருங்க. யாருக்கு என்னா நட்டம்?"

மறுநாள் காலை நான் அந்த அலமாரி வரிசையில் போய் நின்றேன். எந்த அடுக்கு என்று எனக்குத் தெரியும், கையை நீட்டினால் எட்டும். செல்வா முன்பக்கக் கவுண்டரில் இருந்தான், யாரும் பார்க்கப்போவதில்லை. இங்கேதான் நீங்கள் கொஞ்சம் என்னோடு நிற்கவேண்டும். இந்த வேலையில் உங்களுக்கு வரப்போகிற சோதனை, கெட்டது செய்யச் சொல்லி வராது. அப்படி வந்தால் சுலபம், விரட்டிவிடலாம். ஒரு பெண்ணின் கல்யாணத்தைக் காப்பாற்று என்று வரும். உன் அக்காவின் கண்ணைத் துடை என்று வரும்.

ஆனால் என் மனைவி சொன்னதை மனத்துக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. சின்னதாக இருந்தால் சொல், பெரிதாக இருந்தால் சும்மா இரு. இது செல்வாவின் கறிபாப் சூத்திரமேதான், ஒரு படி மேலே. இன்றைக்கு இவனுக்கு 'ஒண்ணுமில்ல' என்று சொல்லிவிட்டால், நாளைக்கு இன்னொருவனுக்காக நான் பேசாமல் இருக்கும்போது என் மௌனத்தையே படித்துவிடுவார்கள். அது போகட்டும். திறந்து பார்த்தபின் அது பெரியதாகவே இருந்தால்? அக்கா முகத்தை எப்படிப் பார்ப்பேன்? என் முகம் எந்தக் காலத்தில் எதை மறைத்திருக்கிறது? காப்பிக் கடையில் சீட்டாடும்போது நல்ல சீட்டு வந்தால்கூடக் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும்.

கையை எடுத்துக்கொண்டு நேராக மிஸ்ஸின் அறைக்குப் போனேன். செல்வாவையும் கூட்டிக்கொண்டு போனேன். அவன் முகம் வெளிறிப்போயிருந்தது. "அண்ணே, வேல போயிடுமா?" என்று வழியெல்லாம் கேட்டான். "தெரியல. ஆனா நம்ம வாயால சொன்னா பாதி கோவந்தான் வரும், மார்க்கெட் வழியா வந்தா முழுசா வரும்" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னோம். மிஸ் மலாயில் கேட்டதைத் தமிழில் எழுதுகிறேன்.

"கோப்பைத் திறந்தீர்களா?"

"இல்லை."

"செல்வா?"

"பெயரை மட்டும் தட்டினேன் மிஸ்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தோம். அவர் பேனாவை உருட்டிக்கொண்டே இன்னொன்று கேட்டார். "சரி. அந்தப் பையனிடம் யார் சொன்னீர்கள்?"

நாங்கள் அக்காவைப் பற்றிப் பேசினோம், யோகியைப் பற்றிப் பேசினோம், வேலை போகுமா என்று பேசினோம். கோப்பு யாருடையதோ அவனை ஒருவரும் நினைக்கவில்லை. அவனுடைய விஷயம் ஒரு பிளாட் முழுக்கச் சுற்றிக்கொண்டிருக்கிறது, அவனுக்கு மட்டும் தெரியாது.

"காகிதம் நம்முடையது. அதில் இருக்கிற வாழ்க்கை அவனுடையது" என்றார் மிஸ். "நானே அவனைக் கூப்பிடுகிறேன். நம் கவுண்டரில் என்ன நடந்தது என்று சொல்லி மன்னிப்புக் கேட்போம். இன்னதைச் செய் என்று அவனிடம் யாரும் சொல்லவும் கூடாது, என்ன செய்யப்போகிறாய் என்று கேட்கவும் கூடாது." பிறகு எழுந்து போய், அந்தக் கோப்பைத் தானே எடுத்து வந்து தன் அறை அலமாரியில் பூட்டினார். சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

"உங்களை நம்புகிறேன். உங்கள் அக்காவின் கறிபாப்பை நம்பவில்லை."

படித்தவர்கள் என்றால் ரூல்ஸ் மட்டும் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். என் பிள்ளை வயதுப் பெண், முதல் கேள்வியிலேயே சரியான ஆளைப் பிடித்துவிட்டார்.

பிரகாஷ் வியாழக்கிழமை வந்தான். தொழிற்சாலை யூனிபார்மிலேயே வந்தான். மிஸ் தன் அறையில் அவனை உட்காரவைத்து நடந்ததைச் சொன்னார், நான் கதவோரம் நின்றேன். செல்வா எழுந்து நின்று, "மன்னிச்சிருங்க பாஸ், உதவி செய்யறேன்னு நெனச்சுத்தான்..." என்று இழுத்தான். பிரகாஷ் ஒன்றும் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "அப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு. நான்தான் கடைசி" என்று மட்டும் சொன்னான்.

பிறகு என்னைத் தேடிக்கொண்டு கேண்டீனுக்கு வந்தான்.

"நீங்கதான் யோகி மாமாவா?"

"ஆமாப்பா. உக்காரு."

"பாத்தீங்களா?"

"இல்ல."

"ஏன் பாக்கல? பாத்து, ஒண்ணுமில்லன்னு நீங்களே சொல்லியிருக்கலாமே. எனக்கும் நல்லது, யோகிக்கும் நல்லது."

"நல்லதுதான். அடுத்த வாட்டி இன்னொரு பையனுக்கு நான் அப்படிச் சொல்லாம இருந்தா, அவன் கதி?"

அவன் தே தாரிக் என்ற நுரைத்த பால் தேத்தண்ணியைக் கலக்கிக்கொண்டே யோசித்தான். பிறகு லேசாகச் சிரித்தான்.

"யோகிக்குத் தெரியும் மாமா. பழகுன மொத மாசமே சொல்லிட்டேன். அம்மாகிட்ட இப்ப வேணாம், அம்மா பயப்படும்னு அவதான் சொன்னா."

எனக்கு மேசையில் தலையை முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இரண்டு வீடு, ஒரு பிளாட், ஒரு மருத்துவமனை எல்லாம் சேர்ந்து தலைகீழாக நிற்கிறோம். தெரியவேண்டிய ஆளுக்கு முதல் மாதமே தெரியும்.

என்ன செய்யப்போகிறாய் என்று நான் கேட்கவில்லை, மிஸ் சொல்லியிருந்தார். அவனே சொன்னான். "நாளைக்கு அத்த எங்க வீட்டுக்குப் போன் போடறாங்கன்னு மிஸ் சொன்னாங்க. இன்னிக்கே நான் அவங்க வீட்டுக்கு வாரேன். நீங்களும் வாங்க மாமா."

"நான் வந்து எதுவும் பேச மாட்டேன்."

"தெரியும். அதனாலதான் கூப்புடறேன்."

அன்று சாயங்காலம் அக்கா வீட்டில் விளக்கு ஏற்றுகிற நேரம். பிரகாஷ் வாசலில் நிற்பதைப் பார்த்ததும் அக்கா சேலையை இழுத்துவிட்டுக்கொண்டு என்னை முறைத்தாள். யோகி அறையிலிருந்து வந்து அவன் பக்கத்தில் நின்றாள். கண் வீங்கியிருந்தது.

"அத்த, நீங்க கேட்டது நெசந்தான். நான் அந்த ஆஸ்பத்திரியில இருந்தேன்" என்றான் பிரகாஷ். "என்னா, ஏதுன்னு யோகிகிட்ட அப்பவே சொல்லிட்டேன். டாக்டர் என்ன சொன்னாருன்னும் சொல்லிட்டேன்."

அக்கா மகளைப் பார்த்தாள். "ஒனக்குத் தெரியுமாடி?"

"தெரியும்மா. எனக்குச் சரி."

"எனக்குச் சரின்னா? என்னான்னு சொல்லு."

"சொல்ல மாட்டேன். அது அவரோடது. அவரு சொன்னா சொல்லட்டும்."

"பெத்தவகிட்ட மறைக்கிறியா? ஒங்கப்பா விசயத்துலயும் இப்படித்தாண்டி மறைச்சாங்க! டிரெஸர்கிட்ட கேட்டு..."

"அப்பாகிட்ட யாராச்சும் கேட்டீங்களாம்மா?"

அக்கா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

"டிரெஸர்கிட்ட கேட்டீங்க, பக்கத்து லயத்து வீடுகள்ல கேட்டீங்க. அப்பாவ உக்கார வச்சு, 'ஒங்க ஒடம்புக்கு என்ன'ன்னு நீ ஒரு தரம் கேட்டிருந்தா, அப்பா ஒன்கிட்ட பொய் சொல்லியிருப்பாராம்மா?"

அக்கா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சுவரில் மச்சான் படம் மாட்டியிருந்த பக்கம் அவள் திரும்பவே இல்லை. வாயைத் திறக்கமாட்டேன் என்று சொல்லி வந்த எனக்கு, திறக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

யோகிதான் அம்மாவின் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தாள். குரலை மாற்றிக்கொண்டு, "சரி, ஒரு டீல் போட்டுக்கலாமா? ஒன்னோட பைலும் மாமா ஆஸ்பத்திரியிலதான இருக்கு? மாமா, எங்கம்மா பைல்ல என்ன இருக்கு? நீங்க சொல்லுங்க, நான் இவரு விசயத்தச் சொல்றேன்" என்றாள்.

அக்கா திடுக்கிட்டு நிமிர்ந்தாள். "டேய், என் பைலு அங்க இருக்கா?"

"இருக்குன்னும் சொல்ல முடியாதுக்கா, இல்லன்னும் சொல்ல முடியாது."

"எனக்கேவா?"

"ஒனக்குன்னா கவுண்டருக்கு வா. அடையாள அட்டை, ஐசியக் காட்டு. கறிபாப் வேணாம்."

முதலில் பிரகாஷ்தான் சிரித்துவிட்டான், பிறகு பயந்துபோய் வாயை மூடிக்கொண்டான். அக்கா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள். யூனிபார்ம், எண்ணெய்க் கறை, காலில் சாக்ஸ் ஓட்டை எல்லாவற்றையும் பார்த்தாள்.

"தம்பி, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒங்ககிட்டயே கேக்கறேன். எம்மவளுக்குத் தெரியாதது ஏதாச்சும் இருக்கா?"

"இல்லத்த."

"சத்தியமா?"

"சத்தியமா."

அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். பாத்திரங்கள் கொஞ்சம் அதிகமாகவே உருண்டன. உள்ளேயிருந்தே குரல் வந்தது. "வேலையிலேருந்து நேரா வந்திருக்கீங்க. சாப்புட்டுப் போங்க, மாப்ள."

வெள்ளிக்கிழமை சித்தியவானுக்குப் போன் போனது. பரிசத்துக்கு நாள் கேட்டு.

செல்வாவுக்கு வேலை போகவில்லை. நடந்ததை அப்படியே எழுதித் தரச்சொன்னார் மிஸ், எழுதிக்கொடுத்தான். அன்றிலிருந்து எங்கள் கவுண்டரில் ஒரே பதில்தான். கோப்பு இருந்தாலும் அதே வாசகம், இல்லாவிட்டாலும் அதே வாசகம், அதே முகம். முகம்தான் கஷ்டம். செல்வாவை எதிரில் உட்காரவைத்து நான்தான் பழக்கினேன். "சிரிக்காத. பாவம்னு பாக்காத. பாத்ரூம் எங்க இருக்குன்னு கேட்டா எப்படிச் சொல்லுவியோ, அப்படிச் சொல்லு." பல பேர் கோபித்துக்கொண்டு போனார்கள். முன்பெல்லாம் நிம்மதியாகப் போனவர்கள் இப்போது முணுமுணுத்துக்கொண்டு போனார்கள், செல்வாவுக்கு அது பெரிய தண்டனை. ஆனால் ஒருவர்கூட எங்கள் பதிலை வைத்து யாரையும் எடை போட முடியவில்லை. உங்கள் கவுண்டரிலும் திரையைத் தட்டுவதற்கு முன்னாலேயே பதில் தயாராக இருக்கட்டும். தட்டிப் பார்த்துவிட்டுப் பதில் சொன்னால், நீங்கள் சொல்லாததை உங்கள் விரல் சொல்லிவிடும்.

தப்பு நடந்துவிட்டால் என்ன செய்வது என்று என் மகள் கேட்டாள். நடக்கும். அப்போது முதலாளி யார், பழி யார் மேல் என்று ஓடாதீர்கள். அந்தக் காகிதத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவரிடம் முதலில் போங்கள். திட்டுவார், வாங்கிக்கொள்ளுங்கள்.

கல்யாணம் தைப்பிங் பக்கம் ஒரு மண்டபத்தில் நன்றாக நடந்தது. செல்வாவும் வந்தான், மிஸ்ஸும் வந்தார். அக்கா இரண்டு பேருக்கும் தானே பரிமாறினாள். யோகிக்கு இப்போது ஒரு பெண் குழந்தை, என்னை ஓட ஓட விரட்டுகிறது.

இவ்வளவு தூரம் படித்துவிட்டு, "எல்லாம் சரிலா அங்கிள், பைல்ல என்னதான் இருந்துச்சு?" என்று உங்களுக்குள் ஒன்று நமநமவென்று அரிக்கிறதா? என் மகளுக்கு அரித்தது, தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். எனக்கும் அரித்தது. கோப்பு திரும்பி வந்து உட்கார்ந்த அந்த வரிசையைத் தாண்டி ஸ்டூலை எடுக்கப் போகிற ஒவ்வொரு நாளும் அரித்தது, ஓய்வு பெறுகிற நாள்வரை. இன்றுவரை எனக்குத் தெரியாது. தீபாவளிக்கு அவர்கள் வீட்டுக்குப் போனால் பிரகாஷ் என் பக்கத்தில் உட்கார்ந்து நன்றாகச் சாப்பிடுகிறான், அவன் எதை ஒதுக்குகிறான் என்று நான் அவன் தட்டைப் பார்க்காமல் என் தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறேன்.